பழைய கேமிங் கணினியில் எதை மாற்றினால் பயன் உண்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் விளையாடுவதற்கென்று 2016 முதல் 2019 வரை அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகள் இப்போது வரிசையாக என் மேசைக்கு வருகின்றன. ஜிடிஎக்ஸ் 1060 அல்லது 1050 டிஐ கார்டு, ஐ5 அல்லது முதல் தலைமுறை ரைசன் பிராசஸர், 8 ஜிபி ரேம், ஒரு டிபி ஹார்டு டிஸ்க் என்பதே பெரும்பாலானவற்றின் உள்ளடக்கம். கொண்டுவருபவர்கள் கேட்கும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவரவர் கேட்ட சொற்களிலேயே கேள்வியை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணா, என் கம்ப்யூட்டருக்கு ஏழு வருஷம் ஆச்சு. மொத்தமா மாத்தணுமா, ஏதாவது ஒண்ணை மட்டும் மாத்தினா போதுமா?

கணினியின் வயதைவிட, நீங்கள் விளையாடும் கேமில் எது குறையாகத் தெரிகிறது என்பதே முக்கியம். ஒரே ஒரு பாகத்தை மாற்றிவிட்டு மூன்று ஆண்டுகள் நிம்மதியாக விளையாடியவர்களும் உண்டு. தவறான பாகத்தில் பணத்தைப் போட்டுவிட்டு ஆறே மாதத்தில் முழுக் கணினியையும் மாற்றியவர்களும் உண்டு.

நான் எப்போதும் ஒரு அளவுகோலை வைத்தே பார்க்கிறேன். இன்று வாங்கும் பாகம், நாளை புதுக் கணினி வாங்கும்போது அதற்குள்ளும் போகுமா? எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு), எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் ஆகியவை போகும். மதர்போர்டும், அதில் பொருந்தும் பிராசஸரும், டிடிஆர்4 ரேமும் போகா. ஏனென்றால் ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டுகளும், இன்டெலின் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கான டெஸ்க்டாப் மதர்போர்டுகளும் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். முதல் வகைக்குச் சற்றுத் தாராளமாகவும் இரண்டாம் வகைக்குக் கணக்குப் பார்த்தும் செலவிட வேண்டும் என்பதே கீழே வரும் பல பதில்களின் அடிப்படை.

எது குறைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டுதான்னு சொல்றார்.

கடைக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்க அரைமணி நேரம் போதும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு, பிராசஸரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடு, ரேம், வெப்பநிலை ஆகியவை தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வி-சிங்க் (மானிட்டரின் வேகத்துக்கு மேல் போகவிடாத அமைப்பு), எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக விளையாடும் இடத்தையே பதினைந்து நிமிடம் விளையாடுங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கார்டில் இருக்கிறது. கார்டு 60, 70 சதவீதத்தில் அலைந்துகொண்டிருக்க, எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால் தடை பெரும்பாலும் பிராசஸரில் இருக்கிறது.

பிராசஸரின் மொத்தப் பயன்பாட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஆறு கோர்களில் ஒன்று மட்டும் முழுவதும் திணறி, மற்றவை பாதி சும்மா இருந்தாலும் மொத்தக் கணக்கு 60 சதவீதத்துக்குக் கீழேதான் காட்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் தாவி ஏறினால் கார்டுதான் குறை. அப்படியே நின்றால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் அந்தக் கேமில் அந்த எண் பெரிதாக ஏறப்போவதில்லை.

ஒரு வெப்சைட்ல என் பிராசஸரையும் கார்டையும் போட்டா "32 சதவீதம் பாட்டில்நெக்"னு வருது. பயமா இருக்கு.

அந்த எண்ணுக்காகப் பயப்பட வேண்டியதில்லை. தடை எங்கே இருக்கிறது என்பது கேமுக்குக் கேம், ரெசல்யூஷனுக்கு ரெசல்யூஷன், செட்டிங்குக்குச் செட்டிங் மாறும். ஒரே கேமில்கூட நகரத்துக்குள் நடக்கும்போது பிராசஸரும், காட்டுக்குள் நடக்கும்போது கார்டும் தடையாக இருப்பது உண்டு. இரண்டு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சதவீதத்தைச் சொல்ல எந்தக் கணக்காலும் முடியாது. முந்தைய பதிலில் சொன்ன சோதனையை உங்கள் கேமில் செய்து பாருங்கள்.

கார்டும் 100 இல்லை, பிராசஸரும் 100 இல்லை. ஆனா இருபது நிமிஷம் ஆனதும் விட்டு விட்டு நிக்குது.

இப்படிக் கேட்பவர்களிடம் நான் முதலில் எதையும் வாங்கச் சொல்வதில்லை. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொல்கிறேன். சென்ற கோடையில் வந்த ஒரு கணினியில் பிராசஸர் ஃபேனைக் கழற்றியபோது, அதன் இறக்கைகளுக்கும் அடியிலிருந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்து, முழுதாக ஒரே வட்டமாக உரிந்து வந்தது. காற்று சுழன்றதே தவிர உலோகத்தைத் தொடவே இல்லை. பிராசஸரின் மேல் இருந்த, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்குபோல் உதிர்ந்தது. தூசியைத் தட்டி, புதுப் பேஸ்ட் தடவி மாட்டியதும், 95 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்த பிராசஸர் 70-க்குப் பக்கத்தில் நின்றது. செலவு, பேஸ்ட் டியூப் ஒன்று மட்டும்.

நம் ஊர் அறைகளில் கோடையில் காற்றே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். கணினியின் குளிர்ச்சி அந்த வெப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், குளிர்நாட்டு வீடியோக்களில் காட்டும் வெப்பநிலையை இங்கே எதிர்பார்க்க முடியாது. பிளோயரால் தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பழுதாகிவிடும். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினெட் என்றால், அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை விளையாடிப் பாருங்கள். வெப்பம் கணிசமாகக் குறைந்தால் உங்களுக்குத் தேவை காற்றோட்டம் மட்டுமே.

8 ஜிபி ரேம் ஒண்ணு இருக்கு. 16 ஆக்கினா வித்தியாசம் தெரியுமா?

தெரியும். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது கொள்ளளவு: விண்டோஸும் பிரௌசரும் டிஸ்கார்டும் எடுத்தது போக மீதியில் இன்றைய கேம்கள் பிழைப்பது கடினம், இடம் போதாமல் டிஸ்க்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் ஒரு கணம் உறைகிறது. இரண்டாவது, ஒற்றை ரேம் ஒரே சேனலில் ஓடுகிறது. இரண்டாவது ரேம் சேர்ந்ததும் தரவு செல்லும் பாதை இரட்டிப்பாகிறது. ரைசன் பிராசஸர்களில் இது நன்றாகவே உணரக்கூடிய மாற்றம்.

நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுவதே வழக்கம். போட்டபின் பயாஸுக்குள் (விண்டோஸுக்குமுன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சென்று, ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க மறக்காதீர்கள். 3200 என்று அச்சிட்ட ரேமை வாங்கி, ஆண்டுக்கணக்கில் 2133-இலேயே ஓட்டிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்டெலின் எச், பி வரிசைப் பழைய மதர்போர்டுப் பலகைகளில் பிராசஸர் அனுமதிக்கும் வேகத்துக்கு மேல் ஏறாது என்பதால், அங்கே அதிவேக ரேமுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 2025-இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. ஆகவே இருக்கும் ரேமுக்கு இணையாகப் பழைய டிடிஆர்4 ஒன்றைத் தேடி வாங்குவது இப்போது புத்திசாலித்தனம். ரேம் நகரும் பாகம் இல்லாத பொருள். சோதித்து வாங்கினால் பழையதும் நன்றாகவே உழைக்கும்.

எஸ்எஸ்டி போட்டா எஃப்பிஎஸ் ஏறுமா?

ஏறாது. ஆனாலும் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸை வைத்திருப்பவருக்கு நான் சொல்லும் முதல் மாற்றம் இதுதான். கணினி திறக்கும் நேரம், கேம் ஏறும் நேரம், புதிய இடத்துக்குள் நுழையும்போது வரும் திணறல் எல்லாமே குறையும். மேலும் அளவுகோலின்படி இது அடுத்த கணினிக்கும் கூடவே வரும். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரை படிக்கிறது. சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை படிக்கிறது. அதைவிட வேகமான வகையான மூன்றாம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டி 3,500 எம்பி வரை எட்டுகிறது. ஆனால் சிதறிக் கிடக்கும் சிறுசிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில்தான் ஹார்டு டிஸ்க் தோற்கிறது என்பதால், முதல் தாவலில் கிடைக்கும் வித்தியாசம் இரண்டாவது தாவலில் கிடைப்பதில்லை.

வாங்குவதற்குமுன் மதர்போர்டின் கையேட்டில், எஸ்எஸ்டியை நேராகச் செருகும் எம்.2 ஸ்லாட் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். சில ஸ்லாட்டுகள் சாட்டா வகையை மட்டும் ஏற்கும். சில பலகைகளில் எம்.2-வில் டிஸ்க் போட்டதும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு செயலிழந்துவிடும், ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று நாம் பதறுவோம். எச்310 பலகையில் அந்த ஸ்லாட் பழைய பிசிஐஇ 2.0 வேகத்தில் ஓடுகிறது. அந்தப் பலகைக்கு மிக வேகமான டிஸ்க்கை வாங்கினால், இப்போதைக்குப் பயன் பாதிகூடக் கிடைக்காது.

சோதிச்சுப் பார்த்துட்டேன், கார்டுதான் குறை. ஜிடிஎக்ஸ் 1060-க்குப் பதிலா எதை வாங்கலாம்?

1060 நல்ல உழைப்பாளி. 2016-இல் வந்து, இத்தனை காலம் 1080பி-யைத் தாங்கியிருக்கிறது. இருந்தாலும் அதை மாற்ற வேண்டிய காரணங்கள் இப்போது எஃப்பிஎஸ்ஸைத் தாண்டிச் சென்றுவிட்டன. 10 வரிசை கார்டுகளுக்கான கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே 2028 அக்டோபர் வரை வரும். 2025 மே மாதம் வந்த "டூம்: தி டார்க் ஏஜஸ்" போன்ற கேம்கள் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை) வசதி கார்டிலேயே இருந்தால்தான் திறக்கும், அவை ஜிடிஎக்ஸ் 1060-இல் மட்டுமல்ல, 1660-இலும் ஓடா.

புதிய கார்டில் நான் மூன்றைப் பார்க்கிறேன். முதலில் நினைவகம்: 4 ஜிபி கார்டு எதையும் இன்று வாங்க வேண்டாம், 8 ஜிபி குறைந்தபட்சம், 12 ஜிபி கிடைத்தால் நிம்மதி. அடுத்தது, பழைய கணினிக்காரர்கள் கவனிக்கத் தவறும் பிசிஐஇ லேன்கள், அதாவது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு செல்லும் பாதைகள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்கே லேன்கள், பிசிஐஇ 4.0 உள்ள புதுப் பலகையில் சமாளிக்கும் அந்தக் கார்டு, பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள நம் பழைய பலகையில் வெளிப்படையாகவே பின்தங்கும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, 5060 ஆகியவை எட்டு லேன் கார்டுகள். நினைவகம் நிரம்பி வழியாத வரை பழைய பலகையில் இவற்றின் இழப்பு சிறிது. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி வடிவம் பதினாறு லேனும் கொண்டது. பழைய பலகைக்கு அது இயல்பாகப் பொருந்தும் என்பதால், நல்ல நிலையில் கிடைத்தால் அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்றாவது மின்தேவை, அதற்கு அடுத்த கேள்வி.

இன்டெல் ஆர்க் கார்டுகளின் விலையைப் பார்த்துச் சிலர் ஆசைப்படுகிறார்கள். கார்டின் முழு நினைவகத்தையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அவற்றின் திறன் வெகுவாகக் குறையும்; இன்டெல் தன் பிராசஸர்களில் பத்தாம் தலைமுறை முதல்தான் அதற்கு ஆதரவு சொல்கிறது. 12 ஜிபி கொண்ட பி580 கார்டோ, பழைய பிராசஸருடன் சேரும்போது எதிர்பார்த்த அளவு ஓடுவதில்லை என்று சோதனைகள் காட்டின. ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெரும்பாலானோருக்கு ஆர்க் பொருந்தாது.

என் எஸ்எம்பிஎஸ் 450 வாட்னு போட்டிருக்கே, போதாதா?

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினெட்டுடன் இலவசமாக வரும் ஒரு "450 வாட்" பெட்டியில் 18 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் பாதையிலிருந்துதான். தரமான 450 வாட் பெட்டியில் அதே கட்டத்தில் 36 ஆம்பியர் வரை இருக்கும், அதாவது 432 வாட்.

1060 கார்டின் தேவை 120 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 அதைவிடக் குறைவாக 115 வாட்டில் முடித்துக்கொள்கிறது. ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170. நல்ல 450 வாட் பெட்டி இருந்தால் 4060, 6600 இரண்டுக்கும், பிராசஸர் 65 வாட் வகையாக இருந்தால் 3060-க்கும் அதை மாற்ற வேண்டியதே இல்லை. இலவசப் பெட்டியாக இருந்தால், கார்டுக்கான பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மலிவுப் பெட்டி சாகும்போது தனியாகச் சாவதில்லை; மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனதை நேரில் கண்டிருக்கிறேன். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் மின்வயரை எட்டு பின்னாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர்களையும் தவிர்த்துவிடுங்கள். அந்த வயர் அந்த மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல.

புதுக் கார்டு போட்டதிலிருந்து கேம் ஆரம்பிச்சா யுபிஎஸ் கத்துது. கார்டு கெட்டதா?

கார்டில் குறையில்லை. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸின் உண்மையான திறன் பெரும்பாலும் 360 வாட் தான். மானிட்டரும் ஸ்பீக்கரும் மோடமும் அதிலேயே செருகப்பட்டிருந்தால், கேமின் உச்சத்தில் வரம்பை மீறிவிடுகிறது. முதலில் மற்றவற்றைச் சாதாரண பிளக்குக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் கத்தினால் 1000 விஏ தேவைப்படும். பேட்டரி மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் அதையும் சந்தேகிக்கலாம்.

ரைசன் 5 1600, பி450 போர்டு. பிராசஸரை மட்டும் மாத்தலாமா?

தாராளமாக மாற்றலாம். பழைய கணினிகளிலேயே அதிர்ஷ்டம் செய்தவை ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் பொருந்தும் இடம்) கொண்ட கணினிகள்தான். 2017-இல் வந்த முதல் ரைசனுக்காகச் செய்த அதே சாக்கெட்டில் 2022-இல் வந்த ரைசன் 5 5600-உம் பொருந்துகிறது; பி450 மட்டுமின்றி, அதற்கு முந்திய பி350 பலகைகளில் பலவற்றுக்கும் பின்னாளில் பயாஸ் வழியே அந்த ஆதரவு வந்தது. இரண்டுமே ஆறு கோர், 65 வாட் என்பதால் பலகைக்குக் கூடுதல் சுமையில்லை. ஆனால் கேமில் வித்தியாசம் மிகப் பெரிது. 96 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்ட 5700எக்ஸ்3டி நியாயமான விலையில் கிடைத்தால் அந்தச் சாக்கெட்டின் கடைசி வரையிலும் சென்றதாகக் கொள்ளலாம். முதல் பதிலின் அளவுகோலை மீறி நான் பரிந்துரைக்கும் ஒரே செலவு இது. பலகையும் ரேமும் அப்படியே நிற்பதால் கணக்குச் சரியாகிவிடுகிறது.

பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதியதை மாட்டிய பிறகு பலகை அதை அடையாளமே காணாமல் போகலாம். சில பலகைகளில் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் போட்ட பிறகே கடைசிப் பதிப்பு ஏறும் என்பதால், பலகை நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள குறிப்புகளை முழுக்கப் படியுங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் மாறியதும் அதைக் கேட்டு நின்றுவிடும்.

கழற்றும்போது நான் ஒருமுறை செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். கூலரை நேராக மேலே இழுத்தேன். காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் பிடித்துக்கொண்டு, பூட்டிய சாக்கெட்டிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டே வந்தது. ஏஎம்4 பிராசஸரின் அடியில் 1,331 பின்கள். ஓரத்து வரிசையில் ஏழெட்டுப் பின்கள் சாய்ந்திருந்தன. மெக்கானிக்கல் பென்சிலின் உள்ளீடற்ற முனையை ஒவ்வொன்றின் மேலும் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்த ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போதெல்லாம் கழற்றுவதற்குமுன் ஒரு கேமைப் பத்து நிமிடம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கி, கணினியை அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குகிறேன்.

எனக்கு ஐ5-7400. அதே போர்டுல ஐ7-7700 பழசு வாங்கிப் போடலாமா? இல்ல எட்டாவது ஜெனரேஷன் போடலாமா?

எட்டாம் தலைமுறை உங்கள் பலகையில் ஓடாது. சாக்கெட்டின் பெயரும் தோற்றமும் ஒன்றுபோலவே இருந்தாலும், இன்டெல் 2017-இல் அதற்கென்று 300 வரிசைப் பலகைகளைக் கட்டாயமாக்கியது. இந்தப் பெயர் ஒற்றுமையால் ஏமாந்து வாங்கியவர்கள் பலர்.

ஐ7-7700 பொருந்தும், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள்) எட்டாகும், திணறல் குறையும். ஆனாலும் அது விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாத பிராசஸர். அந்தச் சாக்கெட்டில் அதற்குமேல் ஏற இடமும் இல்லை. மிக மலிவாகக் கிடைத்தால், இன்னும் ஓரிரு ஆண்டுகளைத் தள்ளுவதற்கு வாங்கலாம். அதற்காகப் பெரிய தொகை கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை அடுத்த பலகைக்குச் சேர்த்து வையுங்கள்.

ஆபீஸ்ல கழிச்ச பிராண்டட் கம்ப்யூட்டர் சல்லிசா கிடைச்சது. அதுல கார்டு போட்டு கேமிங் ஆக்கலாமா?

கேபினெட்டின் அளவைப் பொறுத்தது. ஒல்லியான வகையில் பாதி உயரக் கார்டுகள் மட்டுமே நுழையும். எஸ்எம்பிஎஸ் அந்த நிறுவனத்தின் தனி வடிவத்திலும், மதர்போர்டு இணைப்பு தனி வகையிலும் இருப்பதால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை மாட்ட முடியாது. தனி மின்வயர் கேட்காத 75 வாட் கார்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முழு உயர டவராக இருந்தால் வாய்ப்பு கூடும். வாங்குவதற்குமுன் திறந்து பாருங்கள்.

பழைய கார்டு பாதி விலைக்குத் தர்றாங்க. மைனிங்ல ஓடினதா இருந்தா?

கிரிப்டோ நாணயம் உருவாக்கும் மைனிங் வேலையில் ஓடியது என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது ஃபேன், காய்வது நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் தெர்மல் பேட், சில கார்டுகளில் மாற்றி எழுதப்பட்டிருப்பது உள்ளிருக்கும் பயாஸ். இவற்றைச் சரிசெய்ய முடியும். ஆனால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், வேறு எங்கே வாங்கினாலும், கார்டு உங்கள் கண்முன்னே அரைமணி நேரம் கேம் ஓட்டிக் காட்டப்பட வேண்டும்.

ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளை பென்டிரைவில் கொண்டுசெல்லுங்கள். பழைய சிப்பின் பெயரை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று விற்கும் போலிகள் புழக்கத்தில் உண்டு. அந்த மென்பொருள் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லித் தருவது 2048எஸ்பி வகையா என்றும் பாருங்கள். அது பெயரில் 580, உள்ளே 570. ஜிஎஸ்டி பில்லும் வாரண்டியும் மிச்சமிருக்கும் கார்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

வாலரண்ட் திறந்தா செக்யூர் பூட் கேக்குது. பயாஸ்ல ஆன் பண்ணினதும் விண்டோஸே வரலை!

பதற வேண்டாம், உங்கள் தரவு எதுவும் அழியவில்லை. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் விளையாட பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0-உம், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டும் வேண்டும். பேட்டில்ஃபீல்டு 6-உம் செக்யூர் பூட்டைக் கேட்கிறது. பழைய கணினிகளில் விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பில் நிறுவியிருப்பார்கள். செக்யூர் பூட்டுக்காக, பழைய முறையில் தொடங்க உதவும் சிஎஸ்எம்-ஐ அணைத்ததும், பலகை ஜிபிடி என்ற புதிய டிஸ்க் அமைப்பைத் தேடும், கிடைக்காததால் நின்றுவிடும். சிஎஸ்எம்-ஐ மீண்டும் இயக்கினால் விண்டோஸ் திரும்பி வரும். பிறகு முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கை மாற்றி, அதன்பின் சிஎஸ்எம்-ஐ அணையுங்கள்.

டிபிஎம் என்பதற்காகத் தனிச் சில்லு வாங்கவும் தேவையில்லை. எட்டாம் தலைமுறை இன்டெலில் பிடிடி என்றும், ரைசனில் எஃப்டிபிஎம் என்றும் பயாஸுக்குள்ளேயே அது இருக்கிறது. ரைசனில் அதை இயக்கியபின் அவ்வப்போது ஒரு நொடி உறைந்தால், அது 2022-இல் பயாஸ் வழியே திருத்தப்பட்ட குறை. பயாஸைப் புதுப்பித்தால் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதால், இந்த வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது.

தம்பி, என் பையன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வேணும்கிறான். அது அவசியமா, இல்ல சும்மா கேக்குறானா?

அம்மா, அவர் காரணமில்லாமல் கேட்கவில்லை. சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.9 மில்லிநொடிக்கு ஒருமுறை மாற்றும். சுடும் விளையாட்டுகளில் அது கையிலேயே தெரியும். ஆனால் கணினி 100-க்குமேல் எஃப்பிஎஸ் தருகிறதா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். தருகிறது என்றால், பழைய கணினியில் செய்யும் செலவுகளிலேயே நீண்ட காலம் உழைப்பது மானிட்டர்தான். ரெசல்யூஷன் மட்டும் 1080பி-யாகவே இருக்கட்டும். 1440பி-க்குப் போனால் புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 36.9 லட்சமாகக் கூடி, அடுத்த மாதமே கார்டும் வேண்டும் என்பார்.

கார்டு, எஸ்எம்பிஎஸ், பிராசஸர், போர்டு எல்லாமே குறைன்னா?

அப்போது பழையதை ஒட்டுப்போட வேண்டாம். பலகை, பிராசஸர், ரேம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியிருந்தால் அது புதுக் கணினிதான். ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டும் என்பதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் இந்த மாதம், கார்டு மூன்று மாதம் கழித்து, அவற்றைப் பழைய கணினியிலேயே பயன்படுத்திக்கொண்டு, கடைசியாக அந்த மூன்றையும் வாங்கலாம். இந்த வரிசையில் போனவர்கள் இடையில் ஒரு நாள்கூட விளையாடாமல் இருந்ததில்லை.

கழட்டின பழைய கார்டை உடனே வித்துடலாமா?

ஒரு மாதம் வைத்திருங்கள். புதுக் கார்டில் குறை தெரிந்தால் அது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தெரியும். வாரண்டிக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் பழைய கார்டுதான் திரையை எரியவைக்கும், குறை கார்டிலா எஸ்எம்பிஎஸ்ஸிலா என்று மாற்றி மாட்டிப் பார்க்கவும் அதுதான் கைகொடுக்கும். அதுவரை கார்டு வந்த பளபளக்கும் ஆன்டிஸ்டாடிக் பையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ஹார்டு டிஸ்க்கை விற்பதானால் மட்டும், வெறும் ஃபார்மட்டோடு நிறுத்தாமல், முழுவதையும் ஒருமுறை மேலெழுதி அழித்த பிறகு கொடுங்கள்.